சுவா ஏரிக்கரை விடுதிகளும் நகாய்ப் பெண்களின் கைத்திறனும்

ஜப்பானின் நடுப்பகுதியில், நகானோ மாநிலத்து மலைகளுக்கிடையே, கடல்மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரத்தில் சுமார் 16 கிலோமீட்டர் சுற்றளவோடு விரிந்துள்ள சுவா ஏரி, அந்நாட்டின் இரு பெரும் நிலப்பிளவுக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது. பிளவுண்ட இந்நிலத்தில் வெந்நீர் கரையோரத்தில் மட்டுமன்றி ஏரியின் அடியிலும் சுரப்பதால், ஏரி உறைந்துபோகும் குளிர்காலங்களிலும் ஊற்றுக்கண்களுக்கு மேலே பனிக்கட்டி மூடாத துளைகள் நிற்கும். அக்கரையில் உள்ள காமிசுவா, எடோ நகரம் எனப்பட்ட இன்றைய டோக்கியோவிலிருந்து மேற்கே வந்த கோஷூ நெடுஞ்சாலையில் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் ஊராக இருந்தது. இன்றும் இவ்வூர் ரயில் நிலையத்தின் நடைமேடையிலேயே பயணிகள் கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டி ஒன்று உண்டு.

'ஒன்சென்' எனப்படும் வெந்நீரூற்றுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வரையறை தந்திருக்கிறது. நிலத்திலிருந்து வெளிப்படும் இடத்தில் நீர் 25 பாகை செல்சியஸ் வெப்பமாவது கொண்டிருக்க வேண்டும், அல்லது சட்டம் பட்டியலிடும் 19 பொருள்களுள் ஒன்றையாவது உரிய அளவில் கொண்டிருக்க வேண்டும். சுவா நகரில் இந்த வெந்நீரை நகராட்சியின் குடிநீர்த் துறையே குழாய்கள் வழியாக விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் பகிர்ந்தளிப்பதால், ஒரே நீரைப் பெறும் விடுதிகளுள் ஒன்று மற்றொன்றிலிருந்து வேறுபடுவதற்கான காரணத்தை நீரில் தேடுவதைவிட, அங்கே பணிபுரிவோரின் கைகளில் தேடுவதே பொருத்தமாகும்.

பெண்களின் உழைப்பு இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. ஏரியின் மறுகரையில் உள்ள ஒகாயா, ஜப்பான் பட்டு நூல் ஏற்றுமதியால் செழித்த காலத்தில் அத்தொழிலின் தலைமையிடமாக விளங்கியது. அண்டை மாநிலத்து ஹிதா மலையூர்களிலிருந்து நோமுகி கணவாயைப் பனியில் கடந்து வந்த இளம்பெண்கள், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் கொதிநீரில் கூடுகளை அமிழ்த்தி இழை பிரித்தார்கள். அத்தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய கதகுரா குடும்பத்தின் தலைவர், ஐரோப்பாவில் கண்ட பொதுநல அமைப்புகளால் தூண்டப்பெற்று, வட்டார மக்களுக்காகக் காமிசுவாவில் எழுப்பிய கதகுராகான் என்னும் குளியல் மாளிகை 1928 முதல் இயங்கிவருகிறது. அதன் பெருந்தொட்டி 1.1 மீட்டர் ஆழமுடையதாதலால் குளிப்போர் பெரும்பாலும் நின்றபடியே நீராடுவர்; அடியில் பரப்பிய கூழாங்கற்கள் உள்ளங்காலை அழுத்தும். 2011இல் நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்ட அம்மாளிகையைக் காண்போர் அதன் வண்ணக் கண்ணாடிகளை வியக்கும்போது, அதைக் கட்டிய பணம் எவருடைய விரல்கள் வெந்ததால் வந்தது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மரபுவழி விடுதியான 'ரியோகான்', ஓர் இரவும் இரு வேளை உணவும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறுவது. கோரைப்புல் பாய்களான 'தாதாமி' விரித்த அதன் அறையில் தாழ்ந்த மேசை ஒன்றைத் தவிர ஏறத்தாழ எதுவும் இருப்பதில்லை. பகலில் அமர்வதற்கும் மாலையில் உண்பதற்கும் இரவில் உறங்குவதற்கும் அதே அறைதான். அதை ஒவ்வொன்றாக மாற்றித் தருபவர் 'நகாய்' எனப்படும் பணிப்பெண். மேலைநாட்டு ஓட்டலில் கட்டிலும் நாற்காலியும் ஆற்றும் வேலையை இங்கே ஒருவரின் உடல் ஆற்றுகிறது என்பதே இத்தொழிலைப் புரிந்துகொள்வதற்கான முதற்படி.

பிற்பகல் மூன்று மணியளவில் விருந்தினர் வரத் தொடங்கியதும் நகாயின் இரண்டாம் பணிவேளை தொடங்குகிறது. அவர் அறைக்கு வெளியே மண்டியிட்டு, நகர்கதவைக் கைப்பிடியருகே சிறிது திறந்து, பிறகு கையைக் கதவுச் சட்டத்தின் கீழ்ப்பகுதிக்கு இறக்கி உடலின் நடு வரை நகர்த்தி, மறுகையால் எஞ்சியதைத் திறக்கிறார். பாயின் துணிக்கரையை மிதிக்காமல் உள்ளே வருகிறார். பார்ப்பவருக்கு வெறும் சடங்காகத் தோன்றக்கூடிய இவ்வசைவுகளால், உள்ளே இருப்பவர் திடுக்கிடாமல் தம்மைச் சீர்செய்துகொள்ள நேரம் பெறுகிறார். அடுத்து வரும் தேநீரும் இனிப்புத் துண்டும் வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்குபவருக்குத் தலைசுற்றல் வராமல் காக்கும் முன்னேற்பாடுமாகும். தேநீர் ஊற்றும் அந்தச் சில நிமிடங்களில் நகாய் கவனிப்பவை பல: விருந்தினரின் உயரம் என்ன, எந்த அளவு 'யுகாதா' (குளியலுக்குப் பின் உடுத்தும் பருத்தி அங்கி) பொருந்தும், முதியவர் முழங்காலை மடக்க இயலாதவரா, கோப்பையை இடக்கையால் எடுக்கிறாரா என்பனவெல்லாம் கேளாமலே அறியப்படுகின்றன. இடக்கைப் பழக்கமுடையவருக்கு இரவு உணவில் குச்சிகள் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

உணவு பரிமாறுதல் இத்தொழிலின் கடினமான பகுதி. பல சிறு பாத்திரங்களில் வரிசையாக வரும் 'கைசெகி' விருந்தில் சூடானது சூடாகவும் குளிர்ந்தது குளிர்ந்தும் வர வேண்டும். சமையலறையோ பெரும்பாலும் தொலைவில் இருக்கும். ஒவ்வோர் அறையும் வெவ்வேறு வேகத்தில் உண்பதால், எந்த அறையில் எது முடியப்போகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு சமையற்காரருக்குச் சொல்லும் பொறுப்பும் நகாயுடையதே. அரக்குப் பூசிய கிண்ணங்கள் கீறிவிடுமாதலால் பீங்கானோடு அடுக்கப்படுவதில்லை. சுவா ஏரியில் 1910களில் வேறு ஏரியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட 'வகாசாகி' என்னும் சிறுமீனும், இவ்வட்டாரத்தின் புளித்த சோயா விழுதான மிசோவும், 1662இல் தொடங்கிய மசுமி வடிசாலை முதலியவற்றின் அரிசி மதுவும் தட்டில் இடம்பெறும்போது அவற்றின் ஊரும் பருவமும் கூறி விளக்குபவரும் அவரே.

இரவில் 'ஃபூத்தோன்' எனப்படும் மெத்தை விரிக்கப்படுகிறது. பல விடுதிகளில் இதற்கெனத் தனி ஆட்கள் உள்ளனர். இறந்தவரையே வடக்கே தலை வைத்துக் கிடத்துவர் என்பதால் அத்திசை தவிர்க்கப்படுகிறது. குளியலறைப் பணியாளர்களின் வேலையோ விருந்தினர் கண்ணில் படுவதேயில்லை. தொட்டி நீர் 40 முதல் 42 பாகை வரை நிற்குமாறு வரத்தைக் கூட்டியும் குறைத்தும் வைப்பதும், வழுக்கும் தரையைத் தேய்ப்பதும், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி தங்காதவாறு தொட்டியையும் குழாய்களையும் தூய்மைசெய்வதும் அவர்கள் பொறுப்பு.

இவர்கள் அனைவருக்கும் மேலே நின்று வரவேற்பையும் கணக்கையும் மனவருத்தங்களையும் கவனிப்பவர் 'ஒகாமி' என்னும் விடுதித் தலைவி. பெரும்பாலும் உரிமையாளரின் மனைவியோ மகளோ மருமகளோ ஆவார். நூல்களும் தொலைக்காட்சித் தொடர்களும் ஒகாமியைப் போற்றிய அளவுக்கு நகாயைப் போற்றவில்லை. மட்பாண்டக் கலைஞருக்கும் வாள் கொல்லருக்கும் பட்டமளித்துக் காக்கும் ஒரு நாட்டில், கண்ணாலும் முழங்காலாலும் பல்லாண்டு பயின்று பெறும் இத்திறன், பொருளாக எஞ்சி நிற்பதில்லை என்ற காரணத்தாலேயே கைவினையாக எண்ணப்படாமல் போனது நியாயமன்று.

அத்திறனுக்குத் தரப்படும் விலையும் குறைவு. காலை உணவுக்காக விடியுமுன் எழுந்து, பத்து மணிக்கு விருந்தினர் சென்றபின் அறைகளை ஒழித்து, நண்பகலில் சில மணி நேரம் ஊதியமின்றி ஓய்ந்து, மீண்டும் இரவு ஒன்பது வரை நிற்கும் 'நகானுகே' என்னும் பிளவுப் பணிமுறையில், நாள் முழுவதும் விடுதியிலேயே கழிந்துவிடுகிறது. குழந்தை வளர்ப்பவருக்கு அது ஒத்துவருவதில்லை. ஜப்பானில் 1980இல் 80,000க்கு மேல் இருந்த ரியோகான்கள் 2010களின் பிற்பகுதியில் 40,000க்கும் கீழே குறைந்தமைக்கு, குழுச்சுற்றுலா மங்கியதும் வாரிசின்மையும் காரணங்கள் என்றாலும், ஆள் கிடைக்காமையும் சேர்ந்தே அழுத்துகிறது. அறையில் பரிமாறுவதை விட்டுப் பொது உணவுக்கூடத்துக்கு மாறுவதும், மெத்தையை முன்கூட்டியே விரித்துவைப்பதும் இதனால் பரவிய மாற்றங்கள். கனகவா மாநிலத்து ஜின்யா விடுதி 2014 முதல் வாரத்தில் குறிப்பிட்ட நாள்கள் மூடத் தொடங்கியது. மரபு குறைகிறது என்று இவற்றுக்காக வருந்துவோர், அம்மரபு யாருடைய உறக்கத்தைக் குறைத்து நடந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய 'குறித்த திறன்' நுழைவிசைவு முறையில் விடுதித் தொழிலும் சேர்க்கப்பட்டதால், நேபாளம், வியட்நாம், மியான்மர் முதலிய நாடுகளின் இளைஞர்கள் கதவைத் திறக்கும் முறையையும் மதிப்புமொழியின் நுணுக்கங்களையும் கற்று இப்பணிக்கு வருகின்றனர். முதல் நிலை இசைவு பொதுவாக ஐந்தாண்டு வரை மட்டுமே தங்க விடுவதோடு, குடும்பத்தை அழைத்துவரவும் இடந்தருவதில்லை. திறன் முதிரும் வேளையில் ஆள் வெளியேறிவிடுவார். ஆனால் 2023இல் அரசு இரண்டாம் நிலையை விடுதித் தொழிலுக்கும் விரிவுபடுத்தியபின், தேர்வில் வென்றவர் இசைவைப் புதுப்பித்துக்கொண்டே தங்கலாம், துணைவரையும் பிள்ளைகளையும் உடனழைத்து வாழலாம்.