லேபிள் புதுசு... பேட்டரி பழசு!

காலை ஏழே முக்கால். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. மனைவியைப் பின்சீட்டில் சாய்ந்தாற்போல் உட்காரவைத்துவிட்டு, அந்த நெசவாளர் கார் சாவியைத் திருப்பினார். 'டக்... டக்...' அவ்வளவுதான். டேஷ்போர்டு விளக்குகள் மங்கிப் போயின.

காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனையில் மனைவிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை. திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் 25 நாள்கள். "நடுவுல விட்டுடாதீங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆட்டோ குலுக்கல் தாங்காது என்றுதான் மைத்துனரின் பழைய ஆல்ட்டோவை வாங்கிவைத்திருந்தார். அன்று ஆறாவது நாள். தெருப் பையன்கள் தள்ளிவிட, கார் ஒருவழியாகக் கிளம்பியது.

மாலையில் ஒரு கடைக்குப் போனார். பளபளவென்று லேபிள் ஒட்டிய பேட்டரி. விலையும் கம்மி. "புதுசுதாங்க" என்றார் கடைக்காரர். பில் இல்லை, வாரன்ட்டி கார்டு இல்லை. மருந்துச் செலவு கண்ணுக்கு முன்னால் நிற்க, அவரும் கேட்கவில்லை.

பத்தொன்பதாவது நாள் மறுபடியும் 'டக்... டக்...' தள்ளியும் பயனில்லை. ஆட்டோ பிடித்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்த மனைவியின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் தெரிந்த மெக்கானிக் மல்டிமீட்டரோடு வந்தார்.

"பேட்டரியைக் குறை சொல்றதுக்கு முன்னாடி வண்டியைப் பார்க்கணும்ணே" என்றவர், வேறொரு பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் செய்தார். கேபிளைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஓடும்போதே அளந்தார். 14 வோல்ட். "ஆல்டர்னேட்டர் ஒழுங்கா சார்ஜ் பண்ணுது. இது 13-க்குக் கீழே இருந்தா, எத்தனை புது பேட்டரி போட்டாலும் செத்துடும்."

அடுத்து பேட்டரியின் லேபிளை நகத்தால் சுரண்டினார். அடியில் இன்னொரு பழைய லேபிள்! "பழசுக்கு சார்ஜ் ஏத்தி, மேலே ஒட்டியிருக்காங்க."

நெசவாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியுதான்னு பார்க்கச் சொல்றவன் நான். இதைச் சுரண்டிப் பார்க்கத் தோணலையே தம்பி!"

அன்றிரவே இருவரும் கம்பெனி டீலரிடம் போனார்கள். மெக்கானிக் முதலில் பார்த்தது விலையை அல்ல, தயாரித்த மாதத்தை. பேட்டரி கடை அலமாரியில் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கிக்கொண்டே போகும். அதனால் மூன்று மாதத்துக்கு மேல் பழையதை ஒதுக்கினார். அடுத்து, காருக்குச் சொல்லப்பட்ட அதே 35 ஏ.எச். அளவா, பிளஸ் முனை சரியான பக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். மீட்டர் வைத்தார். 12.6 வோல்ட் காட்டியது. முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் என்று அர்த்தம்.

வாரன்ட்டி 36 மாதம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. "இதுல இலவசமா மாத்தித் தர்றது எத்தனை மாசம்?" என்று கேட்டார். 18. மீதி 18 மாதத்துக்கு விலையில் கழிவு மட்டும்தான். கார்டில் தேதியும் சீலும் போடவைத்தார். பழைய பேட்டரியின் ஈயத்துக்கு மதிப்பு உண்டு. அதைக் கொடுத்து பில்லில் கழித்துக்கொண்டார்கள். பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை, 2022-ம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்களுக்கே கொடுத்திருக்கின்றன.

"முதல் பேட்டரி ஏன் போச்சு தம்பி?"

"வயசும் ஆச்சு, நம்மூர் வெயிலும் சேர்ந்துக்கிச்சு. பேட்டரிக்குச் சூடுதான் எமன். அதோட தினமும் அஞ்சாறு கிலோமீட்டர்தான் ஓட்டுறீங்க. ஸ்டார்ட் பண்ண எடுத்த சார்ஜே திரும்பி ஏறாது. வாரத்துல ஒருநாள் வாலாஜாபாத் வரைக்கும் போயிட்டு வாங்க."

இருபத்தைந்தாவது நாள். ஒரே திருப்பு, இன்ஜின் உறுமியது. சிகிச்சை முடிந்து வெளியே வந்த மனைவி, முன்சீட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, வாலாஜாபாத் வரைக்கும் போகணும்னு அந்தத் தம்பி சொன்னாரே... இப்பவே போகலாமா?"