பதினெட்டும் பதினாறும்

விடுமுறை கழிந்து காசிக்குத் திரும்பும் தமிழ் மாணவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருவர் முறுக்குக் கொண்டுவருவார், இன்னொருவர் ஊறுகாய், வசதியுள்ளவர் மைசூர்ப்பாகு. இம்முறை என் பெட்டியை ஆவலோடு திறந்த அறைத்தோழர் கண்டது எண்ணெய்க்கறை படிந்த ஒரு கணக்கு நோட்டு மட்டுமே. "இதைத் தின்ன முடியாதே!" என்று அவர் வருந்தினார். சங்கத்துச் செயலாளரோ, "தின்ன முடியாவிட்டால் என்ன, அச்சிடலாமே" என்றார். ஆகவே, நண்பர்களே, இந்தக் கட்டுரைக்கு நான் மட்டும் பொறுப்பாளி அல்லன்.

என் ஊர் கோலார் தங்கவயல். குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர் என் கொள்ளுத்தாத்தா. தாத்தா சுரங்கப் பட்டறையில் பிட்டர். அப்பாவும் சுரங்கத்தை நம்பி வளர்ந்தவர்தான். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பின் பிறந்த எனக்குத் தங்கவயல் என்றால் சயனைடு மண்மேடுகளும், விடியற்காலையில் பெங்களூருக்கு வேலை தேடிப் போகும் இரயிலுந்தான். அந்த இரயிலில் போகிறவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

எங்கள் வீட்டில் தங்கம் இல்லாவிட்டாலும் ஒரு வண்டி உண்டு. 1968-ஆம் ஆண்டில் பதிவான மகீந்திரா எப்.சி. 150 பிக்கப். அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1956-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட அமைப்பு அது. ஜீப்பின் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் வைத்துக்கொண்டு, ஓட்டுபவரை எஞ்சினுக்கு மேலே தூக்கி உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் மூக்கே இல்லாத முகம். சரக்கு ஏற்றத் தாராளமான இடம். எஞ்சின் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். தாத்தா இதை 1981-இல் ஏலத்தில் எடுத்தார். பங்காருப்பேட்டையிலிருந்து காய்கறி ஏற்றிவந்து சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் இறக்கினார். சுரங்கம் மூடிய பிறகு, ஊரைவிட்டுப் போன குடும்பங்களின் பீரோவையும் அண்டாவையும் ஏற்றிச் சென்றதும் இதே வண்டிதான். போனவர்களில் பலர் கூலி கொடுக்கவில்லை, தாத்தா கேட்கவுமில்லை.

சிறுவனாயிருந்தபோது என் ஆசனம் அந்த எஞ்சின் பெட்டியின் மூடி. கோணிப்பையை நான்காக மடித்துப் போட்டாலும் சூடு ஏறும். மூடியின் உட்புறத்தில் தாத்தா வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்தது எனக்கு வெகுநாள் புதிராயிருந்தது: "உ 18, வெ 16." அதற்குக் கீழே "1 3 4 2." ஏதோ மந்திரம் என்று நினைத்தேன். மந்திரந்தான், ஆனால் பட்டறை மந்திரம். அந்த எஞ்சினில் காற்றை உள்ளே விடும் வால்வு தலையிலும், புகையை வெளியே விடும் வால்வு பிளாக்கிலும் இருக்கும். உள் வால்வுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 18 பங்கு இடைவெளி. வெளி வால்வுக்கு 16. மற்றது நான்கு சிலிண்டர்களும் தீப்பிடிக்கும் வரிசை. ஆங்கிலக் கைப்புத்தகம் படிக்கத் தெரியாத தாத்தா தமக்கு வேண்டிய சாரத்தை இரண்டே வரியில் பிழிந்து வைத்திருந்தார். முதுகலை இயற்பியல் படிக்கும் நான் இதுவரை எந்தப் பாடத்தையும் இரண்டு வரியில் அடக்கியதில்லை.

தாத்தா 2014-இல் காலமானார். வண்டி அன்று கொட்டகைக்குள் போனதுதான். சென்ற விடுமுறையில் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். கோலார் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போக வாடகை வண்டிக்கே அவர் வருமானத்தில் பாதி போகிறதாம். "சயின்ஸ் படிக்கிறியே, தாத்தா வண்டியை ஓட வைக்க முடியுமான்னு பாருடா" என்றார். படிப்புக்கும் ஸ்பானருக்கும் தூரம் அதிகம் என்று சொல்ல வெட்கமாயிருந்தது, ஒப்புக்கொண்டேன்.

முதலில் பழைய எஞ்சினையே பிழைக்க வைக்கலாமா என்று பார்த்தோம். ஊர் மெக்கானிக்கிடம் அழுத்தமானி இரவல் வாங்கி ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்தோம். மூன்று சிலிண்டர்கள் சதுர அங்குலத்துக்கு 105 முதல் 110 பவுண்டு காட்டின. மூன்றாம் சிலிண்டர் மட்டும் 60. ஒரு கரண்டி எண்ணெயைப் பிளக் துவாரத்தின் வழியாக ஊற்றி மறுபடி அளந்தோம். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடுக்கை அடைத்து அழுத்தம் உயர வேண்டும். உயரவில்லை, ஆகவே கோளாறு வால்விலே. தலையைக் கழற்றிப் பார்த்தால், வெளி வால்வின் இருக்கையிலிருந்து சிலிண்டர் சுவர்வரை மயிரிழைபோல் ஒரு வெடிப்பு. வால்வும் சிலிண்டரும் அருகருகே ஒரே பிளாக்கில் இருக்கும் எஞ்சின்களுக்கு இது வழக்கமான நோய். வெடிப்பைத் தைப்பதற்குத் தேர்ந்த கை வேண்டும். தைத்த பின்னும் பெட்ரோல் செலவு தக்காளி வியாபாரத்துக்குக் கட்டாது.

அப்போதுதான் டீசல் என்ற பேச்சு வந்தது. ஏன் டீசல் குறைவாகக் குடிக்கிறது என்பதை நம் வகுப்புக் கணக்கே சொல்கிறது. 27 டிகிரி வெப்பமுள்ள காற்றைப் பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ ஏழு மடங்கு அமுக்குகிறது. ஏட்டுக் கணக்கின்படி அது 380 டிகிரிக்குச் சூடேறும். டீசலில் பதினெட்டு மடங்கு என்று கொண்டால் 680 டிகிரி. அந்தச் சூட்டில் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும், பிளக் வேண்டாம். அமுக்கம் கூடக்கூட, வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கும் கூடும். 1897-இல் ருடால்ப் டீசலின் எஞ்சின் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்டபோது நூற்றுக்கு 26 பங்குக்கு மேல் வேலையாக மாற்றிக் காட்டி உலகத்தை வியக்க வைத்ததற்குக் காரணம் இதுவே.

மாப்பிள்ளைகள் இருவர் வந்தனர். ஒன்று பெழோ வழிவந்த எக்ஸ்.டி.பி. 4.90. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் விட்டம் என்பதைப் பெயரிலேயே சுமப்பது. 2,112 கன செ.மீ. வேகமாகச் சுழலும். மற்றொன்று இன்டர்நேஷனல் டிராக்டர் வழிவந்த எம்.டி.ஐ. எஞ்சின். விட்டம் 88.9, பிஸ்டன் ஓட்டம் 101.6 மில்லிமீட்டர், 2,523 கன செ.மீ. நிதானமாகச் சுழன்று கனமாக இழுக்கும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் வண்டியின் அச்சுப் பற்சக்கர விகிதம் 5.38. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் உருளும். எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் மேல் கியரில் மணிக்கு 80 கிலோமீட்டர். 2,000 சுற்றில் 53. டிராக்டர் வழி எஞ்சினை அதற்குமேல் விரட்டுவது பாவம். சித்தப்பாவிடம் சொன்னேன். "தக்காளிக்கு என்னடா அவசரம்? வேகமாப் போனா சட்னியாத்தான் இறங்கும்" என்றார். மாப்பிள்ளை முடிவாயிற்று.

எஞ்சினை மாற்றுவது என்றால் ஒன்றை எடுத்து ஒன்றை வைப்பது என்று நினைத்திருந்தேன். நோட்டில் பக்கம் ஏற ஏறத்தான் உண்மை விளங்கிற்று. எஞ்சினின் நடு அச்சும் கியர் பெட்டியின் நடு அச்சும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் ஒன்றுபட வேண்டும்; இல்லையேல் தாங்கி தேயும், கிளட்ச் நடுங்கும். டீசலின் அதிர்வுக்குத் தகுந்த ரப்பர்த் தாங்கல் வேண்டும். ஸ்டார்ட்டருக்குப் பெரிய பேட்டரி வேண்டும். தெளிப்பானில் மிஞ்சும் எண்ணெய் டாங்கிக்குத் திரும்பத் தனிக்குழாய் வேண்டும். நீர் பிரிக்கும் வடிகட்டி வேண்டும். எங்கள் வண்டியின் மழைத்துடைப்பான் பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பினால் ஓடுவது. டீசலில் அந்த இழுப்பு இல்லை, ஆகவே மின்சாரத் துடைப்பான். சாவியைத் திருப்பினாலும் டீசல் நிற்காது. எண்ணெயை அடைக்க ஓர் இழுகம்பி வேண்டும். பெட்டியின் மூடியை மூன்று விரற்கடை உயர்த்த வேண்டும். இவையெல்லாம் எழுதிக் கூட்டியபோது, மாணவர்களுக்குப் பாடம் சொல்லி நான் சேர்த்திருந்த ரூ. 40,000 பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது. மீதியைச் சித்தப்பா ஏற்றார்.

சட்டமும் உண்டு. எஞ்சினை மாற்றுவதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படிப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அது கிடைக்கும்வரை ஒரு ஆணியையும் முடுக்குவதில்லை என்று நோட்டின் முதற் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். அறைத்தோழர் ஒரு யோசனை சொன்னார்: "2021-இல் ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெருமை வண்டியாகப் பதிவு செய்ய விதி வந்திருக்கிறதே, அப்படியே வைத்துக்கொள்ளலாமே." நானும் படித்தேன். அதற்கு எஞ்சின் மாறியிருக்கக் கூடாது; அப்படிப் பதிவான வண்டியை அன்றாட வேலைக்கோ வாணிபத்துக்கோ ஓட்டவும் கூடாது. சுமை தூக்கியே பிழைத்த வண்டியை மாலை போட்டு உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. டீசல் புகையைப் பற்றிக் கேட்ட வேதியியல் நண்பருக்கு மட்டும் முழுப் பதில் என்னிடம் இல்லை. தெளிப்பான்களையும் பம்பையும் புதுப்பித்துச் சோதித்த பின்பே மாட்டுவது என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் உண்மையான தடை வீட்டில் இருந்தது. அப்பா என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "இரும்புக்கடைக்கு வேணுமானா போட்டுடு. வேற எஞ்சினை வச்சு, அதைத் தாத்தா வண்டின்னு மட்டும் சொல்லாதே" என்றார். எனக்குப் பதில் எழவில்லை. பதினாறு வயதில் தாத்தாவோடு உட்கார்ந்து அந்த வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தியவர் அவர். சுரங்கம் போயிற்று, தொழில் போயிற்று, அந்தக் கை கற்ற வேலைக்குச் சாட்சியாக மிஞ்சியது அந்த எஞ்சின் ஒன்றுதான். அளவுகளையெல்லாம் எழுதிய நான் இந்த ஒன்றை அளக்க மறந்திருந்தேன்.

திண்ணையில் இருந்த ஆயாதான் பேசினாள். "உங்க நைனா அந்த வண்டியில எதை மாத்தாம விட்டாரு? கதவு வேற வண்டிது. கியர் பெட்டி ரெண்டு தடவை மாறிச்சு. அடித்தகரம் பூரா சுரங்கத்துப் பழைய தகரம். மாத்தினதாலதான் ஓடிச்சு, ஓடினதாலதான் நீங்க தின்னீங்க."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு என் திட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்தேன். அடிச்சட்டத்தை எங்கும் வெட்டுவதில்லை. ஒரு துளை புதிதாய்ப் போடுவதில்லை. புதிய தாங்கல்கள் யாவும் பழைய துளைகளிலேயே போல்ட்டால் பொருந்த வேண்டும். பழைய எஞ்சினுக்கு மசகு பூசி, எண்ணெய்த் துணி சுற்றி, கொட்டகையில் மரச்சட்டத்தின்மேல் வைக்க வேண்டும். என்றாவது வெடிப்பைத் தைக்கும் கை கிடைத்தால், ஒரு நாள் வேலையில் அது தன் இடத்துக்குத் திரும்பலாம். இதனால் செலவு கொஞ்சம் கூடியது. வேலை அதிகம் கூடியது. ஆனால் காலையில் இரயிலுக்குப் புறப்பட்ட அப்பா அந்தப் பக்கத்தைப் படித்தார். பென்சிலை வாங்கி, முன் தாங்கலின் படத்தில் ஒரு போல்ட்டைச் சுழித்து, "இது இங்க வராது. ஸ்பானர் நுழையாது" என்றார். நான் ஆறு வாரம் பார்த்துக் காணாத பிழை அது.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் மூடியைத் துடைத்தோம். பதினெட்டும் பதினாறும் புதிய எஞ்சினுக்குச் செல்லாது. அதற்குரிய அளவைக் கைப்புத்தகம் பார்த்து எழுத வேண்டும். பழையதை அழிக்கட்டுமா என்று சித்தப்பா கேட்டார். "கீழே இடம் இருக்கே, அங்க எழுது" என்றார் அப்பா. இரண்டாம் வரியை மட்டும் மறுபடி எழுத வேண்டியதில்லை. டீசலுக்கும் தீப்பிடிக்கும் வரிசை 1 3 4 2 தான்.