ஆணித் துவக்கு



மேல்மாடி அறைக்குப் பலகைத் தரை போடப்போறோம் என்றதிலிருந்து, வழியில் காண்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சேர், என்ன கன் எடுத்தீங்க?" துவக்கு என்றால் எங்கள் தலைமுறைக்கு வேறு ஞாபகம் வரும். அதனால் நாங்களும் கன் என்றே சொல்கிறோம்.

உம்மா டைல்ஸில் வழுக்கி விழுந்த பிறகுதான் இந்த யோசனை வந்தது. மரம் தேக்கு, 18 மில்லிமீட்டர். கொங்கிறீட்டில் நேரே ஆணி இறங்காது. பொலித்தீன் விரித்து, சட்டம் பூட்டி, மேலே பிளைவுட் அடித்தாயிற்று.

கடையில் முதலில் காட்டியது எஃப் 30 பின் கன். பீடிங், பார்ட்டிஷன் வேலைக்கு அது நல்லது. ஆனால் அதன் பின் ஆகக்கூடியது 30 மில்லிமீட்டர்தான், தலையும் பேருக்குத்தான். பலகையின் நாக்கு வழியாகச் சரித்து அடித்தால் பிளைவுட்டில் பிடிக்க மிச்சம் கொஞ்சம்தான். நம்மட கடற்கரையில் மரம் மாரிக்கு ஊதும், கச்சான் காற்றுக்குச் சுருங்கும். பின் தளர்ந்தால் நடக்க நடக்கக் கிறீச்சிடும்.

தரைக்கென்றே ஒரு கன் இருக்கிறது. 16 கேஜ், 50 மில்லிமீட்டர் ஆணி, எல் வடிவத் தலை, உடம்பில் முள்ளு முள்ளாகப் பிடிமானம். ரப்பர் சுத்தியலால் கன்னின் தலையில் தட்டினால்தான் சுடும். அந்தத் தட்டிலேயே பலகை பக்கத்துப் பலகையோடு நெருங்கி இடைவெளி அடைபடும். ஸ்டேப்பிள் அடிக்கும் வகையும் உண்டு. முதிரை மாதிரி இறுகிய மரமென்றால் நாக்குப் பிளக்கும் என்று பயந்து அதை விட்டோம்.

உண்மையில் முடிவெடுக்க வைத்தது எங்களிடம் தரம் 6 படித்த பிள்ளை ஒருவன். இப்போது ஓடாவியோடு வேலைக்குப் போகிறான். ஒரு வேலைத்தளத்தில் விரலை விசையில் வைத்தபடியே பின் கன்னைக் கைமாற்றியிருக்கிறான்; பின் இடது கையில் இறங்கிவிட்டது. இன்னும் சுட்டுவிரல் முழுசாக மடங்குவதில்லை. "தட்டினாத்தான் சுடுறத எடுங்க சேர்" என்றான். பலகை பிடிக்கக் கூடவே நிற்பவன் அவன்தான்.

ஓர் அறைக்காக வாங்குவது வீண்விரயம். கொழும்பில் தரை வேலை செய்யும் மச்சானிடம் இரவல் வாங்கினோம். கம்ப்ரஸரை 70 பிஎஸ்ஐயில் தொடங்கி, துண்டுப் பலகையில் பார்த்துக் கூட்டினோம். கூடிப்போனால் நாக்கு உடையும். ஆணி போடும்போது காத்துக் குழாயைக் கழற்றிவிடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

ஆறு வரிசை முடிந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் கீழிருந்து "எத்தின பலகை மகன்?" என்கிறா உம்மா. கன் வெள்ளிக்கிழமை வரை இங்கேதான். தேவையானவர்கள் வாங்க, ஆணி உங்கட செலவு.