சரிவு நிலத்தின் பரப்பு

நிலத்தின் அளவு, அதனை நிரம்ப உடையவனைவிட அதற்காகக் காத்திருப்பவனுக்கே பெரிதாகத் தோன்றும். ஆயிரம் ஏக்கர்த் தோட்டத்தில் இரண்டு பேர்ச்சஸ் கூடினும் குறையினும் எவரும் கவனிப்பதில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தலைமுறைகளாக லயத்து அறைகளில் வாழ்ந்துவரும் குடும்பத்துக்கோ, முதலில் 7 பேர்ச்சஸ் என்றும் பின்னர் 10 பேர்ச்சஸ் என்றும் பேசப்பட்ட அத்துண்டு நிலம் ஓர் ஆயுட்கால எதிர்பார்ப்பாகும். 10 பேர்ச்சஸ் என்பது 2,722.5 சதுர அடி; ஏறத்தாழ 253 சதுர மீற்றர்.

இன்று கணினித் திரையில் மூலைகளைக் குறித்துப் பல்கோணியொன்றை வரைந்தால், மென்பொருள் நொடியில் அதன் பரப்பைக் கூறிவிடுகின்றது. கணக்கு எளியதே. அடுத்தடுத்த மூலைகளின் ஆள்கூறுகளைக் குறுக்கே பெருக்கி, வேறுபாடுகளைக் கூட்டி, அதிற் பாதியைக் கொள்ளவேண்டும். தட்டையான தளத்தில் இவ்விதி பிழைப்பதில்லை. பூமியோ தட்டையானதன்று.

இணையப் படங்கள் பெரும்பாலும் மேர்காற்றர் எறியத்தில் அமைந்தவை. மத்தியகோட்டிலிருந்து விலகுந்தோறும் அவ்வெறியம் பரப்பைப் பெருக்கிக் காட்டும். இலண்டனில் அது இரண்டரை மடங்கைத் தாண்டும்; இரத்தினபுரியிலோ சுமார் 2 சதவீதமே. ஆயினும் திரையில் 100 ஏக்கரெனத் தோன்றும் நிலத்தில் ஏறத்தாழ 2 ஏக்கர் மண்ணில் இல்லாததாகும். அது 320 பேர்ச்சஸ். 32 குடும்பங்களின் பங்கு! பீதுருதாலகாலையை மையமாகக் கொண்ட இலங்கையின் தேசிய ஆள்கூற்று முறைக்கு மூலைகளை மாற்றிக் கணித்தால், 100 ஏக்கருக்கு எறியத்தால் நேரும் வழு சுமார் 2 பேர்ச்சஸாகச் சுருங்கிவிடும்.

இதனினும் பெரிய வழு சப்ரகமுவ மலைச்சரிவுகளிலேயே உள்ளது. நில அளவைப் படம் காட்டுவது கிடைப்பரப்பு. 30 பாகைச் சரிவில் நாடாவை நிலத்தோடு படியவைத்து 10 பேர்ச்சஸ் அளந்தால், படத்தில் அது 8.66 பேர்ச்சஸாகவே அமையும். கைத்தொலைபேசியைக் கொண்டு மூலைகளைக் குறிப்பதும் போதாது. 10 பேர்ச்சஸ் கொண்ட சதுரத்தின் பக்கம் ஏறக்குறைய 16 மீற்றர். தொலைபேசி காட்டும் இடமோ சில மீற்றர்கள் விலகக்கூடும். அவ்விலகலின்மீது கணிக்கப்பட்ட விடை எத்தனை தசம தானங்களுக்குக் காட்டப்படினும் நம்பத்தக்கதன்று.

ஆதலின் மென்பொருளின் விடையை ஏற்குமுன் மூலைகள் எவ்வாறு அளக்கப்பட்டன, எந்த எறியத்தில் கணக்கிடப்பட்டது, நாடா கிடையாகப் பிடிக்கப்பட்டதா என்னும் வினாக்கள் எழுப்பப்படல் வேண்டும். எல்லைக்கல் நாட்டப்படும் வேளையில் அந்நிலத்துக்குரிய குடும்பத்தாரும் அருகில் நிற்றல் வேண்டும். இவ்வினாக்களைக் கேட்கத்தெரிந்த ஒருவரேனும் அவர்களுடன் இருத்தல் வேண்டும். லயத்து அறையிலிருந்து பல்கலைக்கழகம் வந்து புவியியலும் கணிதமும் பயிலும் மாணவரைவிட அதற்குத் தகுதியுடையார் யாவர்?