உளியும் லேசரும்

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். மின்னோட்டத்துக்கும் இது பொருந்தும் என்பதை நான் இரண்டு லேசர் டையோடுகளைப் பலி கொடுத்த பிறகே உணர்ந்தேன். அந்தக் கதையை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

என் ஊர் மாமல்லபுரம். தந்தை ஒரு சிற்பக் கூடத்தில் கல் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் செங்கற்பட்டு வருகிறேன். நம் ஊர்க் கற்சிற்பங்களுக்கு 2017-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால் எத்தனை பேருடைய கண்ணும் கையும் இருக்கின்றன என்பது சிற்பி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் கல்துகள் தெறித்து அப்பாவின் இடக்கண்ணில் பார்வை மங்கிவிட்டது.

கல்லில் கோடு போட, காவி நனைத்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்கள். கரடான கல்லில் நூல் மேட்டைத்தான் தொடும். பள்ளத்தில் கோடு விழாது. அப்பா ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு அந்த இடைவெளிகளை நிரப்புவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது.

சோதனைக் கூடத்தில் டையோடு லேசரை வைத்துக் கீற்றணிச் சோதனை செய்த அன்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. லேசர் கதிரை ஒரு மெல்லிய கண்ணாடிக் கம்பியின் குறுக்கே செலுத்தினால் புள்ளி கோடாக விரியும். அக்கோடு மேட்டிலும் விழும், பள்ளத்திலும் விழும். கையில் அடங்கும்படி அப்படி ஒன்றைச் செய்து அப்பாவிடம் கொடுத்தால் என்ன?

1960-ஆம் ஆண்டு தியோடர் மைமன் மாணிக்கத் தண்டிலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார். 1962-இல் குறைகடத்தி லேசர் பிறந்தது. 1960-களின் நடுவிலேயே டிராம்பேயில் நம் நாட்டு விஞ்ஞானிகள் காலியம் ஆர்சனைடு லேசரை உருவாக்கிவிட்டார்கள். இன்று சென்னை ரிச்சி தெருவில் ஐந்து மில்லிவாட் சிவப்பு லேசர் டையோடை யாரும் வாங்கலாம். வாங்குவது எளிது, அதற்கு மின்சாரம் ஊட்டுவதுதான் கடினம்.

என் டையோடுக்குத் தேவை 2.2 வோல்ட், ஏறத்தாழ 30 மில்லி ஆம்பியர். இரண்டு மின்கலங்கள் 3 வோல்ட்தானே, சற்றுத்தான் அதிகம் என்று நேராக இணைத்தேன். கண் கூசும்படி ஒரு கணம் ஒளிர்ந்தது. பிறகு சாதாரண எல்.இ.டி. போல மங்கிப் போயிற்று. டையோடு இழை விளக்கைப் போன்றதன்று. ஓர் எல்லைக்கு மேல் மின்னழுத்தத்தைச் சிறிது கூட்டினாலும் மின்னோட்டம் பல மடங்கு ஏறும். சூடேறினால் அதே மின்னழுத்தத்தில் இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். இழுப்பதால் மேலும் சூடேறும். அதற்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. அதற்காகச் சொல்வதுதான் இயக்கு சுற்று. கடைக்காரர்கள் அதை டிரைவர் என்கிறார்கள்.

என்முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, மூன்று மின்கலங்களுடன் தொடராக ஒரு மின்தடை. 4.5 வோல்ட்டில் 2.2 போக மீதி 2.3, அதை 30 மில்லி ஆம்பியரால் வகுத்தால் சுமார் 77 ஓம். மிக எளிது. ஆனால் மின்கலம் தளர்ந்து 3.6 வோல்ட் ஆனால் மின்னோட்டம் 18 மில்லி ஆம்பியராக இறங்கி, லேசர் ஒளியே நின்றுவிடக்கூடும். இரண்டாவது, எல்.எம். 317 என்னும் சில்லைக் கொண்டு மாறா மின்னோட்டம் பெறுவது. அதன் இரு கால்களுக்கிடையே எப்போதும் 1.25 வோல்ட் நிற்கும். அங்கே 47 ஓம் வைத்தால் 27 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. சுற்றுக்கு ஐந்தரை வோல்ட்டாவது வேண்டும் என்பதால் 9 வோல்ட் பாட்டரி தேவை. மூன்றாவது, டையோடின் உறைக்குள்ளேயே இருக்கும் ஒளியுணரியைக் கொண்டு ஒளியின் அளவையே நிலைநிறுத்துவது. நுட்பமானது, என் கைக்கு அப்போது எட்டாதது.

இரண்டாவது வழியைத் தேர்ந்தேன். அவசரத்தில் அதிலும் தவறு செய்தேன். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டையோடைத் தொடுத்தேன். வெளியீட்டில் நான் வைத்திருந்த மின்தேக்கி அதற்குள் முழு மின்னழுத்தமும் ஏறிக் காத்திருந்தது. இரண்டாவது டையோடும் போயிற்று. மூன்றாவதை வாங்கியதும் முதலில் போலிச் சுமையை வைத்துச் சோதித்தேன். மூன்று சாதாரணச் சிலிக்கன் டையோடுகளையும் ஓர் ஓம் மின்தடையையும் தொடராக இணைத்தேன். அந்த ஓர் ஓமின் குறுக்கே எத்தனை மில்லி வோல்ட்டோ, அத்தனை மில்லி ஆம்பியர். மீட்டர் 27 காட்டியது. பாட்டரியைக் கழற்றி, மின்தேக்கியை வடித்துவிட்டு, பிறகே லேசர் டையோடைப் பற்றவைத்தேன். சுவரில் செங்கோடு விழுந்தது!

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் சிற்பக் கூடத்துக்கு எடுத்துச் சென்றேன். வெயிலில் கோடு தெரியவே இல்லை. "என்னப்பா, ஒண்ணுமே காணோமே?" என்றார் அப்பா. எனக்கு முகம் வாடிவிட்டது.

நண்பன் ஒருவன் வழி சொன்னான். "பழைய டி.வி.டி. ரைட்டரிலிருந்து டையோடை எடுடா. நூறு மில்லிவாட்டுக்கு மேல் தரும், தீக்குச்சியே பற்றும். மின்தடையை மாற்று, போதும்." ஆசையாகத்தான் இருந்தது. அதற்கேற்ற மின்தடையைக்கூட வாங்கிவிட்டேன்.

அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் கூடத்துக்குப் போனேன். அங்கே மெருகேற்றிய கருங்கல் ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. எனக்குப் பின்னால் குனிந்து உளி பிடித்திருந்த அப்பாவின் முகமும் தெரிந்தது. கண்ணாடி போன்ற அக்கல்லில் பட்டுத் திரும்பும் கதிர் எங்கே போகும்? கண் இமைக்கக் கால் நொடி ஆகும். ஒரு மில்லிவாட் ஒளி என்றால் அந்த இமைப்பு நம்மைக் காக்கும். நூறு மில்லிவாட் கதிர் அதற்கு முன்பே விழித்திரையைச் சுட்டுவிடும். அப்பாவுக்கு மீதி இருப்பது ஒரு கண்.

2025-ஆம் ஆண்டு சென்னையில் இறங்க வந்த விமானத்தின்மீது யாரோ லேசர் ஒளியைப் பாய்ச்சிய செய்தியை நாம் படித்தோம். அதைச் செய்தவரை நான் திட்டியிருக்கிறேன். முன்யோசனை இல்லாமல் நானும் அதே பாதையில்தான் அடி வைத்திருந்தேன்.

மின்தடையை மாற்றவில்லை. 47 ஓம் அப்படியே இருந்தது. கதிர் கோடாக விரிவதால் ஒளி ஓரிடத்தில் குவியாது. ஆயினும் கண் மட்டத்துக்குக் கீழே, மெருகேற்றாத கல்லில் மட்டும் என்று விதி வைத்துக்கொண்டேன். பொழுது சாய்ந்ததும் கூரைக்கடியில் முக்காலிமேல் வைத்து ஒளிரவிட்டேன். கரட்டுக் கல்லின் மேட்டிலும் பள்ளத்திலும் அறுபடாமல் கோடு ஓடியது. அப்பா கிட்டே வந்து, காவித் துண்டால் அதன்மேலேயே கோடு இழுத்தார்.

"பகல்லேயும் தெரியற மாதிரி செய்ய முடியாதா?" என்று கேட்டார்.

"முடியும்பா. ஆனா உங்க கண்ணுக்கு ஆகாது."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப சாயங்காலமே போட்டுக்கலாம். வெட்டினதை ஒட்ட முடியாது, கல்லானாலும் சரி, கண்ணானாலும் சரி" என்றார்.

ஏழாம் நூற்றாண்டில் ஒற்றைப் பாறையில் தேர்களைக் குடைந்தவர்களுக்கும் இந்தக் கவலை இருந்திருக்கும். நண்பர்களே, எவ்வளவு ஆற்றலைத் தர முடியும் என்று நமக்குப் பாடம் சொல்லும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை, யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் வாங்கிய அந்த மற்றொரு மின்தடை இன்னும் என் பேனாப் பெட்டியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கருங்கல்லில் தெரிந்த அப்பாவின் முகம் நினைவுக்கு வருகிறது.