சுட்டுவதும் சொல்லுவதும்

கடையில் பொருள் வாங்குவோர் இரு வகையினர். ஒருவர் அலமாரியில் இருப்பதை விரலால் சுட்டி, "அதைக் கொடுங்கள்" என்பார். மற்றவர் பெயரும் அளவும் சொல்லிக் கேட்பார். சுட்டுபவருக்குப் பொருளின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் கண்ணெதிரே இல்லாததை அவரால் சுட்ட இயலாது. சொல்லுபவர் உள்ளறையில் கிடப்பதையும் பெறலாம்; ஆனால் சொல் பிறழ்ந்தால் வருவதும் பிறழ்ந்துவிடும்.

லினக்ஸ் கணினியோடு பழகத் தொடங்கிய நாள்முதல் இவ்விரு வழிகளிலும் நான் நடந்து வருகிறேன். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கியபோது, தட்டச்சிட்ட சொற்களே அதனோடு பேசும் மொழி. 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் அம்மரபைத் தழுவியதே. என்போன்ற எளியோரும் சுட்டியால் தொட்டு வேலை வாங்கத்தக்க திரையை அமைக்கும் நோக்குடன் 1996இல் கே.டி.ஈ.யும் 1997இல் குனோமும் தொடங்கப்பெற்றன.

என் வாப்பா பினாங்கிலிருந்து உம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அவற்றை ஸ்கேன் செய்து 240 கோப்புகளாகக் கணினியில் சேர்த்தேன். எது எந்த ஆண்டின் கடிதம் என்று பிரிப்பதற்குப் படத்திரையே கைகொடுத்தது. மங்கிய மையையும் அஞ்சல் முத்திரையையும் கண்ணால் பார்த்தே அறிய வேண்டும். அதற்கு ஏது கட்டளை? மேலும், கட்டளைத் திரைகள் பலவற்றில் தமிழெழுத்துகள் கொம்பு பிரிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் நிற்கும். படத்திரையிலோ அவை ஒழுங்காகத் தெரிந்தன.

ஆனால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு முன்னும் ஆண்டைச் சேர்க்க முனைந்தபோது, ஒரு மாலை முழுவதும் சுட்டியை உருட்டியும் முப்பதுதான் முடிந்தது. வெளியூரிலிருக்கும் மகன் தொலைபேசியில் ஒரு வரி சொன்னான். எஞ்சியவை கண்ணிமைக்கும் நேரத்தில் பெயர் மாறின. வாயால் சொல்லி மற்றொருவர் செய்யத்தக்கதாயிருப்பது கட்டளையின் பெருஞ்சிறப்பு என்று வியந்தேன்.

அதே சிறப்பில் ஒரு குறையும் ஒளிந்திருந்தது. இருமுறை எடுத்த சில படங்களுக்கு 'நகல்' என்று தொடங்கும் பெயர் இட்டிருந்தேன். "ஆர்.எம். போட்டு, நகல்னு அடிச்சு, நட்சத்திரக் குறி போடுங்க, வாப்பா" என்றான் மகன். நகலுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே நான் ஓர் இடைவெளி விட்டேன். இடைவெளிக்கு ஒலி இல்லையே! 'நகல்' என்ற கோப்பையும், அதனோடு அங்குள்ள எல்லாக் கோப்புகளையும் அழி என்று கணினி பொருள்கொண்டது. 'நகல்' என்ற பெயரில் கோப்பு இல்லை என்று மட்டும் முறையிட்டது. மற்றவற்றை அழித்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. படத்திரையில் அழித்திருந்தால் குப்பைத்தொட்டியில் தேடியிருக்கலாம். அந்தக் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி இல்லை.

"இடைவெளி விடாதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும்" என்று அவன் குரல் தழுதழுத்தான். "பிழை என் விரலுடையது, மகனே" என்றேன்.

பெட்டியைத் திறந்து மீண்டும் படமெடுத்தோம். மடிப்பு உதிர்ந்து பொடியாகிப்போன 11 கடிதங்களை மட்டும், படம் இருக்கிறதே என்ற துணிவில் நான் முன்னமே கூட்டி எறிந்திருந்தேன். நான் பிறந்த செய்தி கேட்டு வாப்பா எழுதிய கடிதம் அவற்றுள் ஒன்று.

அதன்பின்னும் கட்டளையை நான் கைவிடவில்லை. அழிக்குமுன் அதே குறியோடு எல்.எஸ். கட்டளையிட்டு எவையெவை அகப்படுகின்றன என்று பார்க்கிறேன். ஆர்.எம். உடன் சிறுகோடும் ஐ என்ற எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொன்றையும் கேட்டபின்னரே அழிக்கும், அதையும் சேர்க்கிறேன். வேறொரு வட்டில் படியும் வைத்திருக்கிறேன்.

தெரியாததைத் தேடும்போது சுட்டுகிறேன். தெரிந்ததைச் செய்யும்போது சொல்லுகிறேன். சொல்லுமுன் அது எதையெல்லாம் தொடும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.