மலை சைக்கிளுக்கு லட்ச ரூபாய் வேணுமா? எதுல மிச்சம் பிடிக்கலாம், எதுல கூடாது

1/
நீளமான த்ரெட் மக்களே. டீயோட வாங்க.

போன வாரம் ஓபியில் ஒருத்தர் கேட்ட கேள்விதான் இதுக்குக் காரணம். ஷூ கம்பெனி வேலை. வயசு 41. மூணு மாச சராசரி சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 6.3. சர்க்கரை நோயோட வாசப்படி. "தினமும் நடங்க, இல்லைன்னா சைக்கிள் ஓட்டுங்க" என்று வழக்கம்போல எழுதிக் கொடுத்தேன்.

சீட்டை மடிச்சு பாக்கெட்டில் வச்சுக்கிட்டே கேட்டார்: "சார், நீங்க ஏரிக்கரையில ஓட்டிட்டுப் போறீங்களே, அந்த மாதிரி சைக்கிள் லட்ச ரூபாயாமே?"

2/
இல்லைங்க. என் சைக்கிள், ஹெல்மெட்டோட சேர்த்து மொத்தம் 19,900 ரூபாய். கணக்கு கீழே வருது.

ஆனா அதுக்கு முன்னாடி 11,000 ரூபாயையும் ஒரு காலர்போனையும் தண்டமா செலவு பண்ணியிருக்கேன். அந்தக் கதையைச் சொல்லாம கணக்கை மட்டும் சொன்னா உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

3/
2021. கொரோனா டூட்டியில உடம்பு 86 கிலோ ஆகியிருந்தது. ஆன்லைன்ல ஒரு சைக்கிள் வாங்கினேன். முன்னாடி ஒரு ஷாக், நடுவுல ஒரு ஷாக், டிஸ்க் ப்ரேக், 21 கியர். பார்க்க புல்லட் மாதிரி இருந்தது. பெட்டியைப் பிரிச்சு நானே மாட்டினேன். யூடியூப் இருக்கே, மெக்கானிக் எதுக்கு?

ஆறு மாசம் ஓட்டினேன். ப்ரேக் லீவர் கொஞ்சம் கொஞ்சமா தொய்ஞ்சுக்கிட்டே வந்தது. ஒருநாள் கூட குனிஞ்சு பார்க்கலை.

4/
ஒரு ஞாயித்துக்கிழமை ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவு. ஏறினது பாதி ஓட்டி, பாதி தள்ளி. இறங்கும்போதுதான் விஷயம். பயத்துல பின் ப்ரேக்கை மேலேயிருந்தே விடாம பிடிச்சுக்கிட்டு வந்தேன். கீழே மூணு வளைவு பாக்கி இருக்கும்போது லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுடுச்சு. வண்டி நிக்கலை. எதிர்ல பஸ் ஏறிக்கிட்டிருந்தது.

மலைப்பக்கம் இருந்த கால்வாயில் சைக்கிளோட விழுந்தேன். இடது காலர்போன் முறிவு. கண்டக்டர்தான் இறங்கி வந்து தூக்கி உட்கார வச்சார். பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பியிருந்தா இந்த த்ரெட் இல்லை.

5/
ஆறு வாரம் கையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் ஓபி பார்த்தேன். ஊர்ல சைக்கிள் கடை வச்சிருக்கிற பாய்கிட்ட வண்டியைக் கொண்டுபோய் விட்டோம். ப்ரேக்கைக் கழட்டி என் கையில வச்சார்.

"டாக்டர் சார், இதுல பேட் எங்க இருக்கு? வெறும் இரும்புதான் இருக்கு."

பேட் முழுசா தேய்ஞ்சு போயிருந்தது. புது பேட் சில நூறு ரூபாய். ஒயரை நெருக்கி வைக்கிறது சும்மா, ரெண்டு திருகு. கம்பெனியைத் திட்ட எனக்கு வாயில்லை. பார்க்காம விட்டது நான்.

6/
இங்கே ஒரு சின்ன வரலாறு. மலை சைக்கிள்னாலே பணக்கார விளையாட்டுன்னு நினைக்கிறோம். அது பிறந்ததே பழைய இரும்புல. 1970-களில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் கவுண்டி பசங்க, 1930-40 காலத்து கனமான ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடிச்சு, தட்டிக் கொட்டி மலையிலிருந்து மண்பாதையில் இறக்கினாங்க. 1976 அக்டோபரில் அதைப் போட்டியாவே ஆரம்பிச்சாங்க. பேரு 'ரீபேக்'.

ஏன் அந்தப் பேரு? பெடலைப் பின்னாடி மிதிச்சா பிடிக்கிற ப்ரேக் அது. சுமார் 400 மீட்டர் இறங்கி வர்றதுக்குள்ள சூட்டில் உள்ளே இருக்கிற கிரீஸ் எல்லாம் புகையா போயிடும். ஒவ்வொரு முறையும் பிரிச்சு புது கிரீஸ் அடைக்கணும், அதாவது 'ரீபேக்'. அவங்க ஒவ்வொரு இறக்கத்துக்கும் ப்ரேக்கைப் பிரிச்சுப் பார்த்தாங்க. நான் ஆறு மாசம் பார்க்கலை.

7/
அதனால என் விதி இதுதான்: உங்களை நிறுத்துறது, தரையைப் பிடிக்கிறது, தலையைக் காப்பாத்துறது. ப்ரேக், டயர், ஹெல்மெட். இந்த மூணுல மிச்சம் பிடிக்காதீங்க. மத்த எல்லாத்துலயும் தாராளமா பிடிக்கலாம்.

என் கணக்கு:
பழைய அலுமினியம் சைக்கிள் – 8,500
ஹைட்ராலிக் டிஸ்க் ப்ரேக் ஜோடி – 4,800
டயர் 2 – 2,400
ட்யூப் 2 – 500
செயின் – 600
கியர் ஒயர், கிரீஸ், பாய் கூலி – 1,200
ஹெல்மெட் – 1,900
மொத்தம் 19,900.

உங்க ஊர்ல முன்னப்பின்ன ஆகலாம்.

8/
பழசு வாங்கும்போது என்ன பார்க்கணும்?

• ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேம் பைப்புகள் சேர்ற வெல்டிங். அங்கே விரிசல் இருந்தா இலவசமா கொடுத்தாலும் வேண்டாம்.
• ரெண்டு வீலையும் தூக்கிச் சுத்திப் பாருங்க. கொஞ்சம் கோட்டம் இருந்தா எடுத்துடலாம். ரிம் நெளிஞ்சிருந்தா செலவு.
• முன் ப்ரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்க. 'டக் டக்'னு ஆடினா ஹேண்டில் பேரிங்கைக் கவனிக்கணும்.
• பெடல் இருக்கிற கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டுங்க. ஆடக்கூடாது.
• பில் கேளுங்க. திருட்டு வண்டி நமக்கு வேண்டாம்.

முக்கியமா, உங்க உயரத்துக்கான சைஸ். ஃபிரேம் சைஸ் தப்பா இருந்தா பாயாலும் ஒண்ணும் பண்ண முடியாது.

9/
ஷாக் அப்சார்பர் ஆசையை விடுங்க. இந்த விலையில் வர்ற 'டபுள் ஷாக்' வெறும் ஸ்பிரிங். நீங்க மிதிக்கிற சக்தியைத் தின்னும், எடையைக் கூட்டும், கொஞ்ச நாள்ல அதோட புஷ் ஆட ஆரம்பிக்கும். பின்னாடி ஷாக்கே இல்லாத 'ஹார்ட்டெயில்' எடுங்க. முன்னாடி சாதா ஃபோர்க் இருந்தாலும் பரவாயில்லை. ஏரிக்கரைக்கும் மண்பாதைக்கும் அகலமான டயர்ல அளவா காத்து இருந்தா, அதுவே பெரிய ஷாக்.

10/
கியர் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீங்க. 21, 24, 27 எல்லாம் முன்னாடி பின்னாடி பெருக்கி வர்ற கணக்கு. ஏத்தத்துக்குத் தேவை, முன்னாடி சின்ன பல்சக்கரம், பின்னாடி பெரிய பல்சக்கரம். 22 பல்லும் 32 அல்லது 34 பல்லும் கிடைச்சா, முழங்காலைக் கெடுக்காம ஏறலாம்.

ஷிமானோவில் கீழேயிருந்து டூர்னி, ஆல்டஸ், அசெரா, அலிவியோ, டியோர் என்று படி போகும். ஆரம்பத்துக்கு ஆல்டஸ் தாராளம். ஒரே ஒரு விஷயம் பாருங்க. பின் வீல்ல திருகி மாட்டுற ஃபிரீவீலா, கேசட்டா? ஃபிரீவீல் அமைப்புல வலதுபக்கம் அச்சுக்கு முட்டுக்கொடுக்கிற பேரிங் ரொம்ப உள்ளே தள்ளி இருக்கும். கல்லுமேட்டுல குதிச்சா அச்சு வளையும். ரோட்டுல ஓட்ட அதுவே போதும், மலைக்கு கேசட் நல்லது.

8 ஸ்பீடு இருந்தா ரொம்ப நல்லது. செயின், கேசட் ரெண்டும் விலை குறைவு, சுலபமா கிடைக்கும்.

11/
ப்ரேக். ஒயர் டிஸ்க் மோசம் இல்லை. ஆனா பேட் தேயத் தேய நாமதான் நெருக்கணும், அது தானா பண்ணிக்காது. ஹைட்ராலிக் ஓரளவு தானா சரிபண்ணிக்கும், ஒரு விரல்ல பிடிக்கும். அதுக்காகத்தான் 4,800 கொடுத்தேன். அவ்வளவு முடியாதுன்னா ஒயர் டிஸ்க்கையே வச்சுக்கிட்டு, நல்ல பேட், புது ஒயர் போடுங்க. போதும்.

மூணு எச்சரிக்கை. டிஸ்க் தட்டுல எண்ணெய் ஸ்பிரே படவே கூடாது. பட்டா பேட் வீணாப்போகும். ஹைட்ராலிக்ல மினரல் ஆயில்னு போட்டிருந்தா மினரல் ஆயில்தான். கார் ப்ரேக் ஆயிலை ஊத்தினா உள்ளே இருக்கிற சீல் கெட்டுடும். இறக்கம் முடிஞ்ச உடனே தட்டைத் தொடாதீங்க, கை பொத்துடும்.

இறங்கும்போது என்னை மாதிரி இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வராதீங்க. ரெண்டு ப்ரேக்கையும் பிடிச்சு, விட்டு, பிடிச்சு, விட்டு. வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைங்க.

12/
டயர். பக்கத்துல எழுதியிருக்கிற காத்து அளவு உச்சவரம்பு. அதையே அடிச்சா மண்ணுல பந்து மாதிரி துள்ளும். 2.1 இன்ச் டயர், ட்யூபோட, 70 கிலோ ஆளுக்கு 30 பிஎஸ்ஐ சுத்தி ஆரம்பிச்சுப் பாருங்க. ரொம்பக் குறைச்சா கல்லுல மோதி, பாம்பு கடிச்ச மாதிரி ட்யூப்ல ரெண்டு ஓட்டை விழும்.

நம்ம ஊர் எதிரி சீமைக்கருவேல முள். ஸ்பேர் ட்யூப், ரெண்டு டயர் லீவர், கைப்பம்பு எப்பவும் கூட இருக்கட்டும். பஞ்சர் ஒட்டின பிறகு டயர் உள்பக்கம் விரலால மெதுவா தடவிப் பாருங்க. பாதி முள் அங்கேயே இருக்கும். இது தெரியாம நான் ஒரே முள்ளுக்கு மூணு ட்யூப் கொடுத்திருக்கேன்.

13/
வீட்டுல நீங்களே பண்ண வேண்டியது ரொம்ப இல்லை.

செயினை வாரம் ஒருமுறை துணியால துடைச்சு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், மேலே வழியறதைத் துடைச்சுடுங்க. மாசம் ஒருமுறை ஸ்டீல் ஸ்கேலை வச்சு அளங்க. 12 முழுக் கண்ணி சரியா 12 இன்ச் இருக்கணும். 1/16 இன்ச் கூடியிருந்தா செயினை மாத்துங்க. 1/8 தாண்டவிட்டா செயினோட கேசட்டும் போயிருக்கும். 600 ரூபாயில முடியற வேலை ரெண்டாயிரம் ஆகும்.

பேரிங், வீல் கோட்டம், ஹைட்ராலிக் ஆயில் இதெல்லாம் பாய்கிட்ட விடுங்க. அவர் கூலியில பேரம் பேசாதீங்க.

14/
இப்போ டாக்டரா கொஞ்சம்.

• பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வச்சா கால் நேரா நீளணும். அதுதான் சீட் உயரம். "சைக்கிள் ஓட்டினா முட்டி வலிக்குது சார்"னு வர்றவங்கள்ல பலருக்கு சீட் தாழ்வா இருக்கும்.
• சுண்டுவிரல், மோதிரவிரல் மரத்துப்போனா, உள்ளங்கையில் நரம்பு அழுந்துதுன்னு அர்த்தம். கை வைக்கிற இடத்தை மாத்துங்க, கிளவுஸ் போடுங்க.
• கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற குழியில் அழுத்தினா வலிக்குதா? முதல் எக்ஸ்ரே நார்மலா இருந்தாலும் விடாதீங்க. ஸ்கேஃபாய்ட் எலும்பு முறிவு ஆரம்பத்துல தெரியாம போகலாம். 10–14 நாள் கழிச்சு திரும்பவும் காட்டுங்க.
• சிராய்ப்பைச் சோப்பு போட்டுக் கழுவுங்க. டிடி ஊசி எப்போ போட்டதுன்னு சொல்லுங்க.
• ஹெல்மெட் ஒரு அடி வாங்கினா அதோட ஆயுள் முடிஞ்சது. வெளியே கீறல் தெரியாட்டியும் மாத்துங்க.
• இன்சுலின், கிளிமிப்ரைடு எடுக்கிறவங்க பாக்கெட்ல குளுக்கோஸோ சர்க்கரையோ இல்லாம கிளம்பாதீங்க. பாதத்துல மரமரப்பு இருந்தா செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க.
• 40 தாண்டி, பிபி, சுகர், சிகரெட் இருக்கா? மாடிப்படி ஏறினா நெஞ்சு இறுக்குதா? முதல்ல டாக்டர், அப்புறம் சைக்கிள்.

15/
மலை சைக்கிள் வாங்கினா உடனே மலைக்குப் போகணும்னு இல்லை. ஏரிக்கரை, பஞ்சாயத்து மண்ரோடு, தோப்பு ஓரத்து ஒத்தையடிப் பாதை. மூணு மாசம் அதுவே போதும். தோட்டக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம போகாதீங்க, அது குற்றம்.

வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தினமும் அரை மணி நேரமா அஞ்சு நாள். ஏரியைச் சுத்தினா முடிஞ்சது.

16/
அந்த ஷூ கம்பெனி அண்ணனுக்கு 19,900-ம் பெரிய காசுதான். கேட்டேன், "வீட்டுல பழைய சைக்கிள் எதாவது இருக்கா?" ஸ்கூல்ல கொடுத்த பொண்ணோட சைக்கிள் மாட்டுக்கொட்டாயில கிடக்குதாம். பாய்கிட்ட எடுத்துட்டுப் போகச் சொன்னேன். ப்ரேக் கட்டை, ஒயர், ரெண்டு டயர், ஓவராயில், எல்லாம் சேர்த்து 1,700 ரூபாய் சொல்லியிருக்கார். அதுல மலை ஏற முடியாது. ஏரியைச் சுத்தலாம். இப்போதைக்கு அவருக்குத் தேவை அதுதான்.

இத்தனை வருஷமா "உடற்பயிற்சி பண்ணுங்க"ன்னு ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கேன். அதுக்கு எவ்வளவு ஆகும்னு யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் யோசிச்சதில்லை. மாத்திரைக்கு மட்டும் விலை குறைஞ்சதா பார்த்து எழுதுவேன்.

17/
கடைசியா ஒண்ணு. இதைப் படிச்சு முடிச்சதும் உங்க சைக்கிள்கிட்ட போங்க. உங்க பிள்ளையோடதா இருந்தாலும் சரி. ரெண்டு ப்ரேக்கையும் அழுத்திப் பாருங்க. லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டா இன்னைக்கு அந்த வண்டி வெளியே போகக்கூடாது. குனிஞ்சு பேட் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாருங்க.

ஒரு நிமிஷ வேலை. அதைப் பண்ணாததுக்கு என் தோள்ல இன்னும் ஒரு முண்டு இருக்கு.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. ஓபி முடிச்சுட்டு பதில் போடுறேன்.